பூஜ்யம் வந்தால் போர்த்திக்கொண்டு தூங்குங்க!

ராத்திரி ரெண்டு மணி. காயல்பட்டினத்தில் வீட்டு மாடியில் உட்கார்ந்து கம்பெனி சர்வரைக் காவல் காக்கும் இளைஞர் ஒருவர், சென்னையில் குறட்டையில் இருந்த ஊர்க்கார சீனியரைப் போனில் எழுப்பினார்.

"காக்கா, சர்வர் செத்துப் போச்சு! 'சர்வர் ப்ராஸஸ் எக்ஸிட்டட்'னு லாக்ல வரிசையா வருது!"

"கடைசியில என்ன நம்பர்?"

"எக்ஸிட் கோட் 0."

"சாவு இல்ல தம்பி... வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போயிருக்கு. நீயும் போய்ப் படு!"

சீனியர் சொன்னது சரிதான். போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் யார் கனெக்ஷன் கேட்டு வந்தாலும் அவருக்கென்று தனியாக ஒரு ப்ராஸஸ் பிறக்கும். அவர் கிளம்பியதும் அதுவும் முடியும். 0 என்றால் 'நல்லபடியாக முடிந்தது' என்று அர்த்தம். அதே இடத்தில் 'டெர்மினேட்டட் பை சிக்னல் 9' என்று வந்தால்தான் அலறணும். யாரோ அடித்துக் கொன்றிருக்கிறார்கள். பெரும்பாலும் மெமரி தீர்ந்துபோய் லினக்ஸே செய்த கொலை!

பெயரைப் பார்த்தும் மிரளாதீங்க. பாஸ்வேர்டைத் தப்பாக அடித்தால்கூட 'ஃபேட்டல்' என்றுதான் எழுதும். போவது அந்த ஒரு கனெக்ஷன் மட்டுமே. 'பேனிக்' வந்தால்தான் மொத்த சர்வரும் படுக்கும். 'செக்பாயிண்ட்' என்று வந்தால், மெமரியில் இருப்பதை டிஸ்க்கில் எழுதி வைக்கிறது. நாம் மாற்றாதவரை 5 நிமிஷத்துக்கு ஒருமுறை நடக்கிற வேலை. 'ஆட்டோவேக்யூம்' என்பது கழிவு வரிகளைப் பெருக்குகிற ஆயா.

சரி, இந்த டிபக் புலம்பல் எல்லாம் ஏன் கண்ணில் படுகிறது? யாரோ ஒரு புண்ணியவான் எதையோ சோதிக்க 'லாக்_மின்_மெசேஜஸ்' செட்டிங்கை டிபக் வரை இறக்கிவிட்டு, திரும்ப ஏற்ற மறந்திருப்பார். அது இயல்பாக 'வார்னிங்'கில் இருக்கவேண்டியது. அப்படியே விட்டால் லாக் ஊதி ஊதி டிஸ்க் நிரம்பும். எழுத இடமில்லாமல் டேட்டாபேஸ் நின்றால், அன்றைக்கு உண்மையிலேயே சாவு வீடுதான்! அதைவிட மோசம், லட்சம் வரி அரட்டைக்கு நடுவே அந்த ஒரு 'சிக்னல் 9' வரி கண்ணில் படாமலே போவது.

அதற்காக சாதா வரிகள் வெட்டி என்று நினைக்காதீங்க. காயல்பட்டினத்துக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். மழைக் கணக்கு தினமும் காலை 8.30-க்கு எடுப்பது. அந்த ஊரில் வருஷத்தில் பாதிக்கு மேல் வெறும் பூஜ்யம்தான். ஆனால் 2023 டிசம்பர் 18 காலையில் பதிவானது 95 சென்டிமீட்டர்! மாவட்டத்தின் ஒரு வருஷ சராசரியைவிட அதிகமான மழை ஒரே நாளில். அது எத்தனை பெரிய ஆபத்து என்று சொன்னதே, அதுவரை சலிக்காமல் எழுதி வைத்த பூஜ்யங்கள்தான்.

அதனால, சர்வர் சமர்த்தாக ஓடுகிற ஒரு நாளில் பத்து நிமிஷம் லாக்கைப் படிச்சு வையுங்க. நல்ல நாளின் முகம் தெரிந்தவனுக்குத்தான் கெட்ட நாள் வரும்போது அடையாளம் தெரியும். சீனியரும் நிம்மதியாகத் தூங்குவார்!