நகரும் ஓவியம்



"கம்ப்யூட்டர் வந்தாச்சு, இனி கையால வரைஞ்சு என்ன ஆகப்போகுது?" என்று படம் வரையும் என்னைப் போன்றவர்களிடம் சிலர் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

வின்சென்ட் வான்கா நெதர்லாந்து நாட்டு ஓவியர் (1853–1890). அவரைப் பற்றி 2017-ல் 'லவ்விங் வின்சென்ட்' என்ற சினிமா வந்தது. படம் முழுவதும் எண்ணெய் வண்ண ஓவியம்தான்! 125 ஓவியர்கள் சுமார் 65,000 படங்களைக் கையால் தீட்டினார்கள்.

எப்படித் தெரியுமா? முதலில் நடிகர்களை நடிக்க வைத்துப் படம் பிடித்தார்கள். அதை ஒவ்வொரு படமாகக் கேன்வாஸ் துணி மேல் விழச் செய்து, வான்கா பாணியில் வண்ணம் தீட்டினார்கள். டிஜிட்டல் கேமராவில் ஒரு போட்டோ. பிறகு, அசைய வேண்டிய இடத்தை மட்டும் சுரண்டிவிட்டு, கொஞ்சம் தள்ளி வரைந்து, மறுபடி ஒரு போட்டோ. ஒரு விநாடிக்கு 12 ஓவியம். அப்போ ஒரு நிமிஷத்துக்கு? 720!

வான்கா 1888-ல் ஆர்மண்ட் ரூலின் என்ற இளைஞனை மஞ்சள் கோட்டுடன் வரைந்தார். சும்மா உட்கார்ந்திருந்த அந்த ஆள், இந்தச் சினிமாவில் எழுந்து நடக்கிறான், பேசுகிறான், கோபப்படுகிறான்.

முகம் இருந்தால்தான் படமா? அதுவும் இல்லை. ஜெர்மனியில் பிறந்த ஆஸ்கர் ஃபிஷிங்கர், டிஜிட்டல் கேமரா இல்லாத 1947-லேயே 'மோஷன் பெயின்டிங் நம்பர் 1' எடுத்தார். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பலகையில் ஒரு தீற்றல், உடனே பிலிமில் ஒரு படம். இப்படியே எடுத்தார். அதில் மனிதரும் இல்லை, மரமும் இல்லை. வட்டமும் கோடும் தானாக வளர்வதுபோல் தெரியும். இதைத்தான் அரூப ஓவியம் என்கிறார்கள்.

இரண்டிலும் ஒரு விஷயம் ஒன்றுதான். அடுத்த படம் வர வேண்டுமென்றால், கஷ்டப்பட்டு வரைந்த முந்தைய படம் அழிய வேண்டும், அல்லது அடியில் மறைய வேண்டும். நினைத்தாலே எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது. ஆனால் கை அழித்ததைக் கேமரா பத்திரமாக வைத்துக்கொள்கிறது. வரைவது கை, நினைவில் வைப்பது கருவி. ஒன்றுக்கு ஒன்று எதிரி இல்லை.

நீங்களும் செய்து பாருங்கள். பழைய நோட்டின் ஓரத்தில், பக்கத்துக்கு ஒன்றாக, ஒரு பந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளி வரையுங்கள். 24 பக்கம் போதும். வேகமாகப் புரட்டினால் பந்து எழும்பும். கம்ப்யூட்டர் ரூம் சாவி தேவையே இல்லை!



– ஒன்பதாம் வகுப்பு மாணவி