மாவுப்பூச்சிக்கு எறும்பு ஏன் காவல் நிற்கிறது?

செம்பருத்திக் குருத்தில் வெள்ளைப் பஞ்சு அப்பியிருந்தால், தண்டில் எறும்பு வரிசையும் இருக்கும். செடியைக் கெடுப்பது எறும்பல்ல, மாவுப்பூச்சி. அது ஊசி போன்ற வாயால் சாற்றை உறிஞ்சுகிறது. சாற்றில் சர்க்கரை ஏராளம். உடல் வளர்க்கும் அமினோ அமிலமோ சொற்பம். ஆகவே அளவுக்கு மீறிக் குடித்து, மிஞ்சிய சர்க்கரையை இனிப்புத் திரவமாக வெளியேற்றுகிறது. எறும்புக்கு அதுதான் விருந்து. பதிலுக்கு, மாவுப்பூச்சியைத் தின்ன வரும் பொறிவண்டுகளை எறும்பு விரட்டியடிக்கும். இலையில் சிந்தும் திரவத்தில் கரும்பூசணம் படரும்.

மாவுப்பூச்சியை ஒழிக்க வெறும் தண்ணீர் தெளித்தால் ஏன் பலிப்பதில்லை? உடல்மேல் உள்ள மெழுகுப்பூச்சில் ஒட்டாமல் உருண்டுவிடும். சோப்புக் கரைசல் அதை ஊடுருவி உடலை நனைக்கும். வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் தண்ணீரில் கலந்து, மாலையில், இலையின் அடிப்புறம் நனையத் தெளியுங்கள். முட்டைகள் தப்பிவிடும், எனவே வாரம் ஒருமுறை திரும்பத் தெளிக்க வேண்டும். மெழுகு போர்த்தாத குஞ்சுகள் எளிதில் மடியும். எறும்பு ஏறும் வழியையும் மறியுங்கள். பலரும் விட்டுவிடுவது இதைத்தான்.

கடைசி ஆயுதம் விஷமல்ல. 2008-இல் கோவையில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சியை அடக்கியது, 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்த ஒரு நுண்குளவி. கடும் பூச்சிக்கொல்லி அடித்தால் முதலில் சாவது இத்தகைய நண்பர்கள்தான்.