நூறு சதவீதம் சொல்லாத கணக்கு

எஸ்.எஸ்.எல்.சி. முடிவு வந்ததும் வைட்டிலாப் பக்கம் 'நூறு சதவீதத் தேர்ச்சி' என்ற பதாகைகளைப் பார்க்கிறேன். மகிழ்ச்சிதான். ஆனால் ஆசிரியரின் உழைப்பை அந்த எண் காட்டுமா?

வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் மலையாளத்தில் படிக்கும் தொழிலாளி மகள் 5 மதிப்பெண்ணிலிருந்து 25-க்கு வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். டியூஷன் வசதியுள்ள சிறுவன் 85-லிருந்து 88-க்குப் போகிறான். அதிகம் வளர்ந்தவள் அவள், பட்டியலிலோ தோல்வி! இப்படி எண்ணினால் அவளைப் போன்றவர்கள் பள்ளிக்குச் சுமையாகவே தெரிவார்கள்.

2005-இல் ஆந்திர கிராமப்புற அரசுப் பள்ளிகளில் கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் ஆகியோர் ஓர் ஆய்வைத் தொடங்கினர். பிள்ளைகளின் முந்தைய நிலையிலிருந்து முன்னேற்றத்தை அளந்து ஆசிரியர்களுக்கு ஊக்கத்தொகை தரப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் அப்பிள்ளைகள் கணக்கிலும் மொழியிலும் மற்றப் பள்ளிகளை விஞ்சினர். ஊக்கத்தொகைக்குச் சேராத அறிவியல், சமூகப் பாடங்களிலும் மேம்பட்டனர்.

ஒரே தேர்வை வைத்து ஆசிரியரைத் தண்டிப்பதும் சரியல்ல. ஒரு வகுப்பின் மதிப்பெண் ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கும். ஆகவே அன்பர்களே, பெற்றோர் கூட்டத்தில் 'எத்தனையாவது இடம்?' என்று கேட்பதைவிட, 'சென்ற ஆண்டைவிட என் பிள்ளை என்ன கூடுதலாகக் கற்றது?' என்று கேட்போம். நல்ல ஆசிரியருக்கு அதுவே மரியாதை.