பழைய சங்கிலி வாளா, புதிய சங்கிலி வாளா?

பலத்த காற்றில் வீதியில் ஒரு மரம் சாய்ந்தால், சற்று நேரத்தில் சங்கிலி வாளின் இரைச்சல் கேட்கும். 'செயின் சோ' என்று நாம் அழைக்கும் இக்கருவி, ஒரு காலத்தில் இருவர் சேர்ந்து பிடிக்க வேண்டியதாக இருந்தது. ஜேர்மனியைச் சேர்ந்த அந்திரேயாஸ் ஸ்டில் 1926இல் உருவாக்கிய மின் சங்கிலி வாளின் நிறை ஏறத்தாழ 64 கிலோகிராம். 1959இல் அவரது நிறுவனம் வெளியிட்ட 'கொன்ட்ரா' 6 குதிரைவலு கொண்டது. நிறை ஏறத்தாழ 12 கிலோகிராம். இன்று அதே வலுவை ஏறத்தாழ 6 கிலோகிராம் நிறையுள்ள வாள் தருகின்றது.

அப்படியானால் வெட்டுவதில் புதியதுதான் சிறந்ததா?

வலு என்பது முறுக்கத்தினதும் கோணவேகத்தினதும் பெருக்கம் என்று பௌதிகவியலில் கற்கின்றோம். பழைய வாள்கள் பலவற்றில் பெரிய எஞ்சினும் வேகத்தைக் குறைக்கும் பற்சில்லுகளும் இருந்தன. சங்கிலி மெதுவாக ஓடும், முறுக்கமோ அதிகம். ஆகவே பருத்த மரத்தில் பல பற்கள் ஒன்றாகப் பதிந்தாலும் வாள் இலகுவில் நின்றுவிடாது. புதிய வாளின் எஞ்சின் சிறியது. ஆனால் மிக விரைவாகச் சுழல்வது. அதன் சங்கிலி செக்கனுக்கு 20 மீற்றர் வேகத்தையும் தாண்டக்கூடும். ஒவ்வொரு பல்லும் ஒரு மெல்லிய சீவலை எடுக்கின்றது. செக்கனுக்குக் கூடுதலான பற்கள் கடந்தால் சீவல்களும் கூடும். எனவே நடுத்தரப் பருமனுள்ள மரத்தில் பெரும்பாலும் புதியதே முந்தும்.

ஆனால், எஞ்சின் சங்கிலியை இழுக்கின்றதே தவிர, மரத்தை வெட்டுவது பல்தான். ஆரம்பகாலச் சங்கிலிகளின் பற்கள் கைவாளின் பற்களைப் போல மரத்தைச் சுரண்டின. அடிக்கடி தீட்டவும் வேண்டியிருந்தது. அமெரிக்காவின் ஒரிகன் மாநில மரவெட்டியான ஜோ கொக்ஸ், 1946இல் ஒரு வண்டின் புழு தன் தாடைகளை இடமும் வலமுமாக அசைத்து மரத்தைக் குடைவதைக் கவனித்தார். அதைப் பின்பற்றி, இடப்பல்லும் வலப்பல்லும் மாறி மாறி வரும் சங்கிலியை அவர் அமைத்தார். இன்றைய சங்கிலிகளுக்கு அதுவே அடிப்படை.

ஆகவே மழுங்கிய சங்கிலியுடன் பழைய வாளையும், புத்தம்புதுச் சங்கிலியுடன் புதிய வாளையும் ஒப்பிடுவது நியாயமன்று. ஒரே மரக்குற்றி, ஒரே நீளமான தகடு, ஒரே அளவு தீட்டிய சங்கிலி ஆகியவற்றுடன் பலமுறை வெட்டி, சராசரி நேரத்தைக் காண வேண்டும். அப்போது நன்கு பேணப்பட்ட பழைய வாள் பலரை வியக்க வைக்கும்.

எனினும் நேரம் மட்டும் அளவுகோலன்று. பழைய வாள்களின் அதிர்வு நேரே கைக்குச் செல்லும். பல ஆண்டுகள் அதைப் பிடித்தவர்களின் விரல்களில் இரத்தோட்டம் குன்றி, அவை வெளிறி மரத்துப்போவதுண்டு. புதியவற்றில் அதிர்வைத் தணிக்கும் சுருள்வில் அல்லது இறப்பர் உண்டு. வாள் திடீரெனப் பின்னோக்கி எகிறினால் சங்கிலியை நிறுத்தும் தடுப்பும் உண்டு.

உங்கள் வளவில் மரம் வெட்ட ஒருவர் வந்தால், கீழே விழுவதைப் பாருங்கள். சீவலாக விழுந்தால் சங்கிலி கூர்மையானது. மாவாக விழுந்தால் மழுங்கியது. அதைவிட முக்கியமாக, முன்கைப்பிடியருகே கைக்காப்பும் தடுப்பும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். மரம் சற்றுத் தாமதித்து வீழலாம். அவர் கை பத்திரமாக வீடு திரும்ப வேண்டும்.