எடை இழந்த உடல்: அன்று கணக்கு, இன்று பட்டியல்

1973-இல் அமெரிக்கா ஏவிய ஸ்கைலாப் விண்நிலையத்தில் ஒரு வினோதமான நாற்காலி இருந்தது. எடையே இல்லாத இடத்தில் தராசு எதற்கு ஆகும்? வீரர் அந்த நாற்காலியில் தம்மைக் கட்டிக்கொண்டு ஆடுவார். ஸ்பிரிங் ஒருமுறை போய்வர எடுக்கும் நேரத்தை வைத்து அவர் உடலின் நிறையைக் கண்டுபிடிப்பார்கள். தின்ற ஒவ்வொரு கவளத்துக்கும் கணக்கு, கழித்ததற்கும் கணக்கு. சிறுநீரில் ஒரு பங்கை உறையவைத்தும் மலத்தை உலர்த்தியும் பூமிக்குக் கொண்டுவந்தார்கள். 28, 59, 84 நாட்கள் என மூன்று பயணங்கள். மொத்தம் ஒன்பது பேர். உள்ளே போன சுண்ணாம்புச் சத்தைவிட வெளியே வந்தது அதிகம் என்று கணக்கு சொன்னது. எலும்பு கரைகிறது. எலும்புக்குள் எந்த மரபணு திறந்தது, எது மூடியது என்று பார்க்க அன்று கருவி இல்லை. வரவும் செலவும் மட்டுமே தெரிந்தன.

எடை போனது என்றால் ஈர்ப்பு போய்விட்டது என்று பொருளல்ல. 400 கிலோமீட்டர் உயரத்திலும் பூமியின் பிடி ஏறக்குறைய 90 சதவீதம் அப்படியே இருக்கிறது. நிலையமும் அதற்குள் இருப்பவரும் ஒன்றாகவே விழுந்துகொண்டிருப்பதால் எடை தெரிவதில்லை, அவ்வளவுதான்.

இந்த வீழ்ச்சி எலும்பையும் தசையையும் தளர்த்துவதில் பெரிய புதிர் இல்லை. பாரம் தாங்கும் உறுப்பு, பாரம் போனால் மெலியும். புதிர் 1983-இல் வந்தது. ஸ்பேஸ்லேப் விண் ஆய்வகப் பயணத்தில் சுவிட்சர்லாந்தின் விஞ்ஞானி அகஸ்டோ கொகோலி மனித வெள்ளணுக்களை அனுப்பினார். தூண்டுபொருளைச் சேர்த்தால் அவை விறுவிறுவெனப் பெருக வேண்டும். விண்ணில் அவை அசையவே இல்லை என்று சொல்லலாம். பூமியில் வைத்திருந்த இணைச் செல்களின் பெருக்கத்தில் 3 சதவீதம்கூட அங்கே இல்லை. திரவத்தில் மிதந்து கிடக்கும் ஒற்றைச் செல்லுக்கு என்ன பாரம், என்ன எடை? ராக்கெட்டின் அதிர்ச்சியோ கதிர்வீச்சோ காரணமாக இருக்கலாம் என்ற சந்தேகமும் இருந்தது. 1985-இல் இன்னொரு பயணத்தில் விண்கலத்துக்குள்ளேயே ஒரு சிறு சுழல் கருவியை வைத்து, சில செல்களுக்குச் செயற்கையாக எடை கொடுத்துப் பார்த்தார்கள். சுழன்றவை, மிதந்தவற்றைவிடத் தெளிவாகப் பெருகின. என் கணக்கில் இந்தத் துறையின் மிக அழகான சோதனை அதுதான். ஒரே கேள்வி, ஒரே பெட்டி, ஒரே பதில்.

அதன்பின் பட்டியல்களின் காலம் வந்தது. 1998-இல் விண்ணுக்குப் போய்வந்த சிறுநீரகச் செல்களில் 10,000 மரபணுக்களைப் பார்த்தபோது 1,600-க்கு மேற்பட்டவற்றின் செயல்பாடு மாறியிருந்தது. 2006-இல் அட்லாண்டிஸ் விண்ணோடத்தில் சால்மோனெல்லா கிருமி போனது. 167 மரபணுக்களும் 73 புரதங்களும் மாறின. திரும்பிவந்த கிருமி எலிகளை முன்னைவிடக் கடுமையாகத் தாக்கியது. பல மரபணுக்களின் வேலையை ஒழுங்குபடுத்தும் ஹெச்எஃப்க்யூ என்ற புரதத்தின் கை இதில் இருப்பது தெரிந்தது. மரபணுவின் எழுத்து மாறவில்லை. எது பேசும், எது வாய் மூடும் என்பதுதான் மாறியது.

இந்த வித்தியாசம் புரியாததால் 2018-இல் ஒரு கூத்து நடந்தது. விண்வெளி வீரர் ஸ்காட் கெல்லி 340 நாட்கள் விண்ணில் இருந்தார். அவருடைய இரட்டைச் சகோதரர் மார்க் பூமியில் இருந்தார். ஸ்காட்டின் மரபணுவில் 7 சதவீதம் மாறிவிட்டது, இனி இருவரும் இரட்டையரே அல்ல என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. நாசா விளக்கம் தர வேண்டியதாயிற்று. உண்மையில் விண்ணில் மாறிய மரபணுச் செயல்பாட்டில் 91.3 சதவீதம் அவர் திரும்பிய ஆறு மாதத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டது. குறையும் என்று எதிர்பார்த்த டெலோமியர், அதாவது குரோமோசோமின் நுனி, அங்கே நீண்டது. தரையிறங்கியதும் சட்டெனக் குறுகியது.

அன்று எடுத்த மாதிரிகள் பூமிக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2016-இல் விண்வெளி வீராங்கனை கேட் ரூபின்ஸ் உள்ளங்கையில் அடங்கும் கருவியில் விண்நிலையத்திலேயே டிஎன்ஏவைப் படித்தார். அங்கே பெரிய கவலை காற்றுக்குமிழி. எடையில்லாத இடத்தில் குமிழி மேலே எழுந்து ஒதுங்காது, திரவத்துக்குள்ளேயே கிடந்து வேலையைக் கெடுக்கும். கருவி கெடவில்லை. இப்படிக் குவியும் தரவுகள் பலவற்றை நாசாவின் ஜீன்லேப் கிடங்கிலிருந்து எவரும் கட்டணமின்றி இறக்கிக்கொள்ளலாம். எங்கோ ஒரு சிற்றூர்க் கல்லூரி மாணவிக்கும் அது திறந்தே இருக்கிறது. ஸ்கைலாப் காலத்தில் நினைத்துப் பார்க்க முடியாத வரவு இது.

செலவும் உண்டு. ஸ்கைலாப் கணக்கை ஒருவர் உட்கார்ந்து கடைசி வரி வரை படித்துவிடலாம். ஆயிரம் மரபணுக்களின் பட்டியலில் எது காரணம், எது விளைவு, எது தூக்கம் கெட்டதால் வந்தது, எது கதிர்வீச்சால் வந்தது என்று பிரிப்பது பெரும்பாடு. கெல்லியின் ஒரு துளி ரத்தத்தில் இவை எல்லாம் கலந்தே இருந்தன. எடை போனதை ஒற்றைச் செல் எப்படி உணர்கிறது என்ற கொகோலியின் கேள்விக்கு இன்றும் ஒரே வரியில் பதில் இல்லை.

பயன் இல்லாமலும் இல்லை. 2019 டிசம்பரில் விண்ணுக்குப் போன எலிகளில் சில, தசை வளர்ச்சியை அடக்கும் மயோஸ்டேட்டின் புரதம் இல்லாமல் பிறந்தவை. சாதாரண எலிகள் ஒரு மாதத்தில் மெலிந்தன. இவை தசையை இழக்கவில்லை. அந்த அறிவு மனிதருக்கு மருந்தாக நிலையத்தை இன்னும் எட்டவில்லை. ஸ்கைலாப் வீரர்கள் எலும்பையும் தசையையும் காக்க மிதிவண்டிக் கருவியை மிதித்தார்கள். இன்றைய வீரர்களும் அதற்காகத் தினமும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள்.