64 கட்டங்களில் ஒரு வேலி

கோலார் தங்கவயலின் நந்திதுர்க் சுரங்கத்தில் இப்போது யாரும் இறங்குவதில்லை. 2001 பிப்ரவரி 28ல் தங்கவயலுக்கே பூட்டுப் போட்டுவிட்டார்கள். சயனைடு மண்மேடுகளும் துருவேறிய இரும்புக் கோபுரங்களும்தான் மிச்சம். தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்த அந்தச் சுரங்கத்தில் கடைசிவரை ஒரு விதி அசையவில்லை. பெண்கள் பூமிக்குக் கீழே இறங்கி வேலை செய்யக்கூடாது. 1952ம் வருட சுரங்கச் சட்டத்தின் 46வது பிரிவு அப்படித்தான் சொன்னது. பாறை வெடிக்கும், அனல் அடிக்கும், உடம்பு தாங்காது என்று காரணம் சொல்ல முடிந்தது. 2019ல் மத்திய அரசு நிபந்தனைகளோடு அந்தத் தடையைத் தளர்த்தியபோது நந்திதுர்க்கில் இறங்குவதற்கு வேலையே இல்லை.

சதுரங்கப் பலகையில் பாறை வெடிக்காது. மந்திரியை நகர்த்த இரண்டு விரல் போதும். ஆனால் அங்கும் ஆணுக்கு ஒரு பந்தயம், பெண்ணுக்கு ஒரு பந்தயம், ஆணுக்கு ஒரு பட்டம், பெண்ணுக்கு ஒரு பட்டம். அந்த வேலி எதற்காகப் போடப்பட்டது என்ற கேள்வி 2023ல் திருநங்கைகள் விஷயத்தில் மறுபடி எழுந்தது.

தங்கவயலிலிருந்து சுமார் 100 கி.மீ. தூரத்திலுள்ள பெங்களூரில்தான் 1974ல் முதல் தேசிய மகளிர் செஸ் சாம்பியன்ஷிப் நடந்தது. ஜெயித்தவர் மும்பையைச் சேர்ந்த வாசந்தி காடில்கர். அடுத்த பத்தாண்டுக்கு அந்தப் பட்டம் அவர் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. அவரும் தங்கைகள் ஜெயஸ்ரீ, ரோஹிணி இருவரும் மாறி மாறி வாங்கிக்கொண்டார்கள். பெண்களோடு ஆடியது போதும் என்று தோன்றியதோ என்னவோ, 1976ல் 13 வயது ரோஹிணி ஆண்களின் தேசியப் போட்டியில் போய் உட்கார்ந்தார். மூன்று மாநில சாம்பியன்களைத் தோற்கடித்தார். ரகளை கிளம்பியது. ஒரு சிறுமி எப்படி இங்கே ஆடலாம்? விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. கடைசியில் உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் தலைவர் மாக்ஸ் யூவே, தேசியப் போட்டிகளிலும் சர்வதேசப் போட்டிகளிலும் பெண்களைத் தடுக்கக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னார். பாவாடை சட்டை வயதுப் பெண் ஒருத்தி உலகத்துக்கே கதவைத் திறந்துவிட்டாள்.

அவருக்கு முன்பே ஒருவர் இருந்தார். 1933ல் பிரிட்டிஷ் மகளிர் சாம்பியன் பட்டம் வென்ற பாத்திமா, சர் உமர் ஹயாத் கான் என்ற பஞ்சாப் பிரபுவின் வீட்டில் பணிப்பெண். அதே வருடம் ஆண்கள் பட்டத்தை வென்ற மீர் சுல்தான் கானும் அதே வீட்டு ஊழியர்தான். பிரபு தாயகம் திரும்பினார், இருவரும் கூடவே வந்தார்கள். சுல்தான் கானைப் பற்றிப் புத்தகங்கள் எழுதப்பட்டுள்ளன. பாத்திமாவுக்கு ஓரிரு வரிகள்தான்.

திறந்த கதவை மறுபடி சாத்தவும் ஃபிடே தயங்கியதில்லை. 1986ல் ஹங்கேரியின் சூசன் போல்கர் ஆண்களுடன் ஆடியே தரப்புள்ளிகள் சேர்த்து பெண்களில் முதலிடத்துக்கு வந்திருந்தார். ஃபிடே உலகின் எல்லாப் பெண்களுக்கும் 100 புள்ளி இனாமாகக் கொடுத்தது, ஒருவரைத் தவிர. அந்த ஒருவர் சூசன். பெண்கள் தங்களுக்குள்ளேயே ஆடுவதால் அவர்களது புள்ளிகள் குறைந்து கிடக்கின்றன, சூசன் அப்படியல்ல என்று விளக்கம் வந்தது. அடுத்த பட்டியலில் அவர் முதலிடத்தை இழந்தார். அவருடைய தங்கை ஜூடித் 2002ல் காஸ்பரோவையே வீழ்த்தினார்.

அப்படியானால் பெண்களுக்குத் தனிப் போட்டியே வேண்டாமா? இங்கேதான் அவசரப்படக்கூடாது. ஒரு ஊரில் 1,600 பையன்களும் 100 பெண்களும் சதுரங்கம் கற்றால், பையன்களில் முதலாவது வருபவன் பெண்களில் முதலாவது வருபவளை விடப் பலமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மூளையில் வித்தியாசம் இருக்கவேண்டிய அவசியமில்லை, தலை எண்ணிக்கையே போதும். ஜெர்மன் ஆட்டக்காரர்களின் புள்ளிகளை வைத்து 2009ல் வெளியான ஆய்வு ஒன்று, முதல் 100 இடங்களில் தெரிந்த வித்தியாசத்தில் 96 சதவீதத்தை எண்ணிக்கையைக் கொண்டே விளக்கலாம் என்றது. இந்தக் கணக்கோடு மல்லுக்கட்டியவர்களும் உண்டு. ஆனால் பெண்கள் பலகைக்கு வருவதே குறைவு என்பதை யாரும் மறுக்கவில்லை. மகளிர் பிரிவு அவர்களை வரவழைக்க வைத்த பந்தல்.

அந்தப் பந்தல் பலன் தந்திருக்கிறது. சென்னையின் விஜயலட்சுமி 2001ல் இந்தியாவின் முதல் மகளிர் கிராண்ட்மாஸ்டர் ஆனார். தங்கை மீனாட்சியும் அதே பட்டம் பெற்றார். மகளிர் பட்டத்துக்கு 2300 புள்ளி போதும், முழு கிராண்ட்மாஸ்டருக்கு 2500 வேண்டும். அந்த 200 புள்ளி மேட்டை 2002ல் ஹம்பி ஏறினார், 2011ல் ஹரிகா, 2023ல் சென்னையின் வைஷாலி. 2025ல் உலகக் கோப்பையை வென்ற திவ்யா தேஷ்முக் நாட்டின் 88வது கிராண்ட்மாஸ்டர். பெண்களில் நான்காவது. வைஷாலியின் தம்பி பிரக்ஞானந்தா அந்தப் பட்டத்தை 2018லேயே வாங்கிவிட்டார். அவர்களுக்கு முன் உலகில் அக்கா - தம்பி கிராண்ட்மாஸ்டர்கள் இருந்ததில்லை.

பந்தலுக்குள்ளும் பந்தி சமமாக இல்லை. 2023 உலகக் கோப்பையில் பொதுப் பிரிவின் முதல் பரிசு 1,10,000 டாலர், மகளிர் பிரிவில் 50,000. நெதர்லாந்தின் வைக் ஆன் ஸே போட்டியில் ஆடி முடித்த திவ்யா 2024 ஜனவரியில் வெளிப்படையாகவே மனம் புழுங்கினார். பார்ப்பவர்கள் தன் உடையையும் தலைமுடியையும் பேச்சையும் கவனிக்கிறார்கள், ஆட்டத்தைத் தவிர என்று. அப்போது அவருக்கு வயது 18.

இந்தப் பின்னணியில்தான் 2023 ஆகஸ்ட் 21ல் ஃபிடேயின் புதிய விதி அமலுக்கு வந்தது. ஆணாகப் பதிவாகிப் பெண்ணாக மாறியவர்கள், மேற்கொண்டு முடிவெடுக்கும் வரை மகளிர் போட்டியில் ஆட உரிமை இல்லை. முடிவெடுக்க அதிகபட்சம் இரண்டு வருடம் என்றது அது. பொதுப் பிரிவில் தடை இல்லை. வீரர்கள் பட்டியலில் அவர்கள் பெயரருகே ஒரு குறி போடவும் ஃபிடே உரிமை வைத்துக்கொண்டது. ஜெர்மனி, இங்கிலாந்து சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன.

விதியின் மற்றொரு பாதிதான் விசித்திரம். பெண்ணாக இருந்து ஆணாக மாறிய திருநம்பியிடம் மகளிர் பட்டம் இருந்தால் அது போய்விடும். மகளிர் கிராண்ட்மாஸ்டர் வேண்டுமானால் ஃபிடே மாஸ்டராக மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஆணாக இருந்தபோது வாங்கிய பட்டங்கள் பெண்ணான பின்னும் செல்லும். அதாவது, ஜெயித்த ஆட்டங்கள் அதேதான், ஜெயித்த மூளையும் அதேதான். மதிப்பு மட்டும் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போனார் என்பதைப் பொறுத்தது.

தடையை ஆதரிப்பவர்களின் பயம் ஒன்று இருக்கிறது. பலமான ஆண் ஒருவர் பரிசுக்காகப் பெண் என்று சொல்லி வந்துவிட்டால்? பெண்களுக்காக ஒதுக்கிய பரிசு பெண்களுக்கே போகவேண்டும் என்ற கவலை நியாயமானதே. ஆனால் 50,000 டாலருக்காக ஒருவர் பெயரை, குடும்பத்தை, ஊரின் ஏச்சை, பல நாடுகளில் வேலையையும் பணயம் வைப்பார் என்பது நம்பும்படி இல்லை. நம்மூரில் திருநங்கையாக வாழ்வது லாபமான வியாபாரம் என்று அவர்களில் ஒருவரிடமாவது யாராவது கேட்டுப்பார்க்கட்டும்.

ஓட்டப்பந்தயத்தில் இந்த வாதத்துக்கு உடம்பு என்ற துணையாவது உண்டு. அங்கேயும் அது யாரை அடித்தது என்பது தமிழர்களுக்குத் தெரியும். 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்ற புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண் சாந்தி, பாலினச் சோதனைக்குப் பின் பதக்கத்தை இழந்தார். பெண்ணாகவே பிறந்து வளர்ந்தவர். அதன்பின் செங்கல் சூளையில் வேலைக்குப் போனார். சதுரங்கத்திலோ அளப்பதற்கு ஹார்மோனும் இல்லை, தசையும் இல்லை.

தமிழ்நாட்டில் திருநங்கைகளுக்கு 2008லேயே நல வாரியம் வந்தது. தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமை ஒருவருக்கு உண்டு என்று 2014ல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2015ல் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பால் பிரித்திகா யாஷினி என்ற திருநங்கை காவல்துறை சப்-இன்ஸ்பெக்டராகும் வழி திறந்தது. அந்தத் தேர்வில் ஓட வேண்டும், தாண்ட வேண்டும்.

திருவாரூர் மாவட்டம் பூவனூரில் சதுரங்க வல்லபநாதர் கோயில் இருக்கிறது. சதுரங்கத்தில் யாராலும் வெல்ல முடியாத ஒரு ராஜகுமாரி. தன்னை ஜெயிப்பவனுக்கே மாலை. ஒருவரும் தேறவில்லை. கடைசியில் சிவனே வேடம் போட்டுக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்து ஜெயித்தார் என்பது தலபுராணம். வந்தவர் அர்த்தநாரி. அவரை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று அந்த ராஜா கேட்டதாகப் புராணத்தில் இல்லை.