முனையத் திரையில் பத்திக் கோப்புகளைப் பார்வையிடும் முறை

திருவனந்தபுரத்தில் கிழக்கே கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீண்டு செல்வது சாலைக் கடைவீதி. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் திருவிதாங்கூர்த் திவான் ராஜா கேசவதாசர் இதனை நிறுவினார். தமிழ் வணிகர் பலர் தலைமுறை தலைமுறையாக வாணிகம் செய்துவரும் இடம் இது. கடைப் பேரேட்டில் செங்குத்துக் கோடுகள் முன்னரே இடப்பட்டிருக்கும். எடையும் விலையும் தத்தம் கட்டத்தில் அமர்வதால் ஒன்றை மற்றொன்றாகப் படிப்பதற்கு இடமில்லை.

கணிப்பொறியின் எழுத்துக் கோப்பில் இக்கோடுகள் இல்லை. ஒரு கூறு முடிந்து அடுத்தது தொடங்குவதைக் காற்புள்ளி ஒன்றே உணர்த்துகிறது. ஆகவே, பத்திகள் பிறழாமல் கோப்பைப் பார்வையிடும் முறையைக் களப்பணியாளரும் ஆசிரியரும் அறிந்திருத்தல் நலம். கேரளப் பள்ளிகளில் 2001இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டத்தின் வழியாகவும், 2017 முதல் கைட் நிறுவனத்தின் வழியாகவும் குனு லினக்ஸ் இயக்குதளம் பரவியுள்ளது. கீழ்க்காணும் கருவிகள் அதில் பொதுவாகக் கிடைப்பவை.

வரி மடிவதால் நேரும் குழப்பம்

பழைய துளையட்டைகளில் 80 பத்திகள் இருந்தன. முனையச் சாளரமும் பெரும்பாலும் 80 எழுத்து அகலத்துடனேயே இன்றும் திறக்கிறது. அதனினும் நீண்ட வரி மடிந்து அடுத்த வரியாகத் தோன்றும்; தலைப்பு ஓரிடத்திலும் எண் வேறிடத்திலும் நிற்கும். இதனைத் தவிர்க்க உதவுவது ‘லெஸ்’ என்னும் நிரல். மார்க் நூடல்மன் என்பவர் 1983க்கும் 1985க்கும் இடையில் இதனை எழுதினார்.

‘விலை’ என்பது கோப்பின் பெயரெனக் கொள்வோம். எல், இ, எஸ், எஸ் என்னும் ஆங்கிலச் சிறிய எழுத்துகளை இட்டு, இடம் விட்டு, இடைக்கோடும் பெரிய எஸ் எழுத்தும் சேர்த்து, மீண்டும் இடம் விட்டுக் கோப்பின் பெயரை எழுதி, என்டர் விசையை அழுத்துக. வரிகள் மடியாமல் நிற்கும். வலப்புற அம்புவிசை மறைந்த பத்திகளைக் காட்டும். இடப்புற அம்புவிசை திரும்பக் கொணரும். இடைவெளி விசை அடுத்த பக்கத்திற்கும், சிறிய ஜி முதல் வரிக்கும், பெரிய ஜி கடைசி வரிக்கும் இட்டுச் செல்லும். சாய்கோட்டை அடுத்து ஒரு சொல்லை எழுதினால் அச்சொல் தேடித் தரப்படும். கியூ விசை பார்வையை முடிக்கும். இவற்றுள் எதுவும் கோப்பினை மாற்றுவதில்லை.

பத்திகளை நேர்படுத்துதல்

மடிப்பு நீங்கினும் பத்திகள் நேராகிவிடா. அதற்குரியது ‘காலம்’ என ஒலிக்கும் ஆணை: சி, ஓ, எல், யு, எம், என். அதன்பின் இரு குறிப்புகள் தனித்தனியே வரும். முதலாவது, இடைக்கோடும் ‘டேபிள்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தும். இரண்டாவது, இடைக்கோடும் சிறிய எஸ் எழுத்தும் காற்புள்ளியும். பின்னர்க் கோப்பின் பெயர். இறுதியில் ஒரு செங்குத்துக் கோட்டினை இட்டு, முன் கூறிய லெஸ் ஆணையைக் கோப்பின் பெயரின்றி எழுதினால், நேர்படுத்திய பட்டியல் திரைக்கு வரும்.

இரு பிழைகள்

சாலையில் விலை சேகரிக்கும் பணியாளர் ஒருவர் கடை எண், அலகு, மொத்த விலை, சில்லறை விலை, சரக்கு என ஐந்து பத்திகள் அமைப்பதாகக் கொள்வோம். பேரேட்டில் எழுதும் பழக்கத்தால் 2,250 என்றும் 2,400 என்றும் அவர் காற்புள்ளியுடன் எழுதிவிட்டால், நிரல் அதனைப் பிரிப்புக் குறியாகவே கொள்ளும். மொத்த விலை 2 ரூபாய், சில்லறை விலை 250 ரூபாய் என்று பட்டியல் கூறும்! ஆதலால் எண்களைக் காற்புள்ளியின்றி எழுதுதல் வேண்டும்.

இரண்டாவது, வெற்றிடம். மொத்த விலை கிடைக்காத நாளில் அக்கூறு வெறுமையாக விடப்படும். நேர்படுத்தும் நிரலின் சில பழைய பதிப்புகள் அடுத்தடுத்து நிற்கும் இரு காற்புள்ளிகளை ஒன்றாகவே எண்ணிவிடும். சில்லறை விலை மொத்த விலையின் இடத்திற்கு நகர்ந்துவிடும். வெற்றிடத்தில் ஓர் இடைக்கோடு இட்டால் இத்தவறு நேராது.

தமிழ்ச் சொற்களின் எழுத்து அகலத்தை முனையம் எப்போதும் சரியாகக் கணிப்பதில்லை. ஆகவே சரக்கின் பெயரை இறுதிப் பத்தியில் வைப்பது நன்று. எண்களின் நேர்மை கெடாது.

சரிபார்த்தல்

கண்ணுக்குத் தப்பும் பிழையைக் காண ‘ஆக்’ நிரல் உதவும். ஏ, டபிள்யு, கே என எழுதி, இடம் விட்டு, இடைக்கோடு, பெரிய எஃப், காற்புள்ளி ஆகியவற்றைச் சேர்த்து இடுக. மீண்டும் இடம் விட்டு, ஒற்றை மேற்கோள்களுக்குள் பெரிய என், பெரிய எஃப், வியப்புக்குறி, சமக்குறி, 5 என இடைவெளியின்றி எழுதிப் பின் கோப்பின் பெயரை இடுக. ஐந்து கூறுகள் இல்லாத வரிகள் மட்டும் திரையில் தோன்றும். ஒன்றும் தோன்றாவிடின் பத்திகளின் எண்ணிக்கை சரியென்று கொள்ளலாம். விலை சரியா என்பதைக் களக்குறிப்புடன் ஒப்பிட்டே அறிதல் வேண்டும்.

ஆசிரியர்கள் ஒரு கோப்பில் வேண்டுமென்றே ஒரு காற்புள்ளியை மிகுதியாக இட்டு, அதனைக் கண்டுபிடிக்குமாறு மாணவரைப் பணிக்கலாம். ஒரு புள்ளி ஒரு விலையை மாற்றிவிடும் என்பதை அவர்கள் அப்பயிற்சியால் நேரில் உணர்வர்.